இருபதாம் எண் நெகட்டிவ்

அத்தியாயம் 9

"இந்த ஆளுக்கு ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியல" என்று புகைப்படங்களை மேஜையில் தள்ளினார் ஓரக்கண்ணர்.

மொத்தம் ஐந்து படங்கள். துவைத்துக் காயப்போட்ட சட்டையில் காக்கை எச்சம் விழுந்திருந்தால் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். தபால் இலாகாவில், முகவரி விளங்காத கடிதங்களுக்குச் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். யாரையும் நேராகப் பார்த்தது கிடையாது. கழுத்து அசையாது, கண் மட்டும் ஓரத்துக்கு வரும். அது வந்துவிட்டால், எதிரே இருப்பவர் ஒண்ணாம் வகுப்பில் திருடிய பென்சிலைக்கூட எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார் என்று தெருவில் பேச்சு. அந்தப் பென்சில் குவியலைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் நாலு பேராவது இருக்கிறார்கள்.

"பொய்ய விடுங்க அத்தான். அஞ்சு படத்துல மூணுல நாற்காலிய மறைச்சுக்கிட்டு இவர் நிக்கிறாரு. நாற்காலிக்குப் படமா, தொப்பைக்குப் படமா?" என்றார் மச்சான்.

மச்சான் என்பவர் ஓரக்கண்ணரின் மனைவிக்குத் தம்பி, ஓய்வுக்குப் பிறகு ஓரக்கண்ணர் ஆரம்பித்த துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளர். ஊரில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான். பதினேழு வேலைகளில் இருந்து துரத்தப்பட்டவர். இந்தப் பதினெட்டாவதில் இருந்து துரத்த முடியாததற்கு அக்கா காரணம்.

எதிர் நாற்காலியில் தையல்காரம்மா. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எழுத்து வெட்டிருவாங்க சார். வெட்டினப்புறம் யார் அழிக்கப் போறாங்க?"

விஷயம் இதுதான். தையல்காரம்மாவின் அப்பா ஒரு ஃபிட்டர். முப்பது வருஷத்துக்கு முன்னால், மாடிப்படி ஏற முடியாமல் போன மனைவிக்காக, வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு சக்கர நாற்காலி செய்தார். தானாகப் படியேறும் நாற்காலி. இப்போது பொறியியல் கல்லூரி ஒன்று அதைக் கண்ணாடிக் கூண்டில் காட்சிக்கு வைக்கிறது. கூண்டின் கீழே பித்தளைப் பலகை. அதில் 'இதை உருவாக்கியவர்' என்று ஒரு பெயர் வரப்போகிறது. ஃபிட்டரின் பெயர் இல்லை. பம்பு ஃபேக்டரி முதலாளியின் பெயர்.

"அவரு ஒரு நாள் கொட்டகைக்கு வந்தாரு. பார்த்தாரு. அவரோட கேமராவுலயே அம்மாவ நாற்காலில உக்கார வச்சுப் படம் எடுத்தாரு. 'ஒரு இஞ்சினியர்கிட்டக் காட்டிட்டுக் கொண்டாறேன்'னு வேன்ல ஏத்திட்டுப் போனாரு. அவ்வளவுதான்."

"உங்கப்பா திருப்பிக் கேக்கலையா?"

"கேட்டாரு. 'எந்த நாற்காலி'ன்னு கேட்டாராம் முதலாளி."

"இப்ப என்ன சொல்றான்?"

"ஃபேக்டரியில நான்தான் செஞ்சேன், ஒரு பழுது பாக்கறதுக்குத்தான் கொட்டகைக்கு அனுப்பினேங்கறாரு. இந்த அஞ்சும் ஒரே பிலிம் சுருள்ல எடுத்ததாம். ஃபேக்டரிப் படம் நாலும் முதல்ல, கொட்டகைப் படம் கடைசியில. அவரே வீட்டுல ஸ்கேன் பண்ணி, வரிசையா எண் போட்டுக் கொடுத்திருக்காரு. கல்லூரிப் பதிவாளர் நம்பிட்டாரு."

"உங்கப்பா?"

"'விடும்மா, எனக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும்'ங்கறாரு." அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார் தையல்காரம்மா. "அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு சார். இப்ப தெரிஞ்சவரு அவர் ஒருத்தர்தான்."

மச்சான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். ஓரக்கண்ணர் தொண்டையைச் செருமினார்.

"எது முன்ன, எது பின்னன்னு சொல்றதுக்கு இவன் யாரு? பிலிமே சொல்லும். நெகட்டிவோட ஓரத்துல, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ கம்பெனிக்காரனே எண் போட்டிருப்பான். ஒண்ணுல ஆரம்பிச்சு முப்பத்தாறு வரைக்கும். பிரிண்டுல அது வராது. நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா முடிஞ்சுது கதை."

"அப்ப பதிவாளர் ஏன் பிடிக்கல?" என்று கேட்டார் மச்சான்.

"படிச்சவரு. கையத் தூக்கினா கௌரவம் இறங்கிடும்."

"சரி, நெகட்டிவ் முதலாளி வீட்டுல இருக்கு. கேட்டா கொடுப்பாரா?"

"கேக்கக் கூடாது. அவனாகக் காட்டணும். அதுக்கு ஒண்ணும் தெரியாத முட்டாளாப் போய் நிக்கணும்."

"நான் தயார் அத்தான்."

"நீ சும்மா கூட வா. நடிக்கிற முட்டாள்தான் வேணும்."

*

முதலாளியின் வீட்டு முன்னறையில் சுவர் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். முதலாளியின் படங்கள்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூரையைத் தாங்கின. அவர் கைகுலுக்கும் படம், அவர் நாடா வெட்டும் படம், அவர் தன்னுடைய படத்தைத் திறந்து வைக்கும் படம். ஒரு மூலையில் கண்ணாடி அலமாரி. அதில் அவர் வாழ்க்கையில் தொட்ட பொருள்கள் எல்லாம்: பழைய கைக்கடிகாரம், முதல் பேனா, கறுப்புக் கேமரா ஒன்று.

"வீட்டுல நானூறு நெகட்டிவ் கிடக்குதுங்க" என்றார் ஓரக்கண்ணர். குரலில் அவ்வளவு பணிவு. மச்சானுக்கே பயமாக இருந்தது. "கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எந்த ஸ்கேனர் வாங்கறதுன்னு புரியல. ஸ்டுடியோவுல கேட்டேன். 'இந்த ஊர்ல அது தெரிஞ்ச ஒரே ஆள் அவருதான்'னு உங்க பேரைச் சொன்னாங்க."

முதலாளியின் மார்பு ரெண்டு அங்குலம் விரிந்தது. தையல்காரம்மா இருந்திருந்தால் அளந்தே சொல்லியிருப்பார்.

"இப்ப என்ன வச்சிருக்கீங்க?"

மச்சான் கக்கத்தில் இருந்த பெட்டியை நீட்டினார். டப்பா மாதிரி ஒரு ஸ்கேனர். எட்டாவது வேலையை விட்டு வரும்போது, அவருக்கே தெரியாமல் அவரோடு வந்துவிட்டது.

முதலாளி அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார். "இது ஸ்கேனரே இல்ல பெரியவரே. உள்ள ஒரு சின்ன கேமரா, பின்னாடி ஒரு விளக்கு. நெகட்டிவை டக்குனு ஒரு போட்டோ பிடிச்சிட்டு, ஸ்கேன் பண்ணிட்டேன்னு சொல்லும். வேகமா இருக்கும், சரி. ஆனா நாலு பக்கமும் ஓரத்தை வெட்டிரும். வானத்தைச் சுண்ணாம்பு அடிச்சு விட்டுரும். அட்டைப்பெட்டி மேல பெரிசா ஒரு மெகாபிக்சல் எண் போட்டிருப்பான். அதுல பாதிதான் நிஜம். மீதி, இல்லாததை இருக்கற மாதிரி இட்டு நிரப்பறது."

"ஓரத்தை வெட்டும்னுதான் சார் வாங்கினேன். எங்க குடும்பப் படத்துல ஓரத்துல நிக்கறவங்க யாரையும் எனக்குப் பிடிக்காது" என்றார் மச்சான்.

முதலாளி அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அடுத்தது, பிலிமுக்குன்னே செஞ்ச ஸ்கேனர். ஒரு துண்டை உள்ள தள்ளினா, கட்டம் கட்டமா மெதுவாப் படிக்கும். அருமையா வரும். ஆனா நானூறு படத்துக்கு நீங்க உக்காந்தா, எந்திரிக்கிறதுக்குள்ள உங்க பேரன் ரிட்டயர் ஆயிருவான். உங்களுக்கு வேண்டியது தட்டை ஸ்கேனர். மூடியிலயும் விளக்கு இருக்கணும், அதான் முக்கியம். கீழ மட்டும் விளக்கு இருக்கற சாதாரண ஸ்கேனர்ல நெகட்டிவை வச்சா, கறுப்புத் துணிய ஸ்கேன் பண்ண மாதிரி இருக்கும். அப்புறம், தூசியத் தானா அழிக்கிற வசதி இருக்கான்னு பாருங்க. கலர் பிலிமுக்கு அது பிரமாதம். கறுப்பு வெள்ளைக்கு அதைப் போட்டுறாதீங்க. அதுல இருக்கற வெள்ளித் துகளையும் தூசின்னு நினைச்சு, மூஞ்சியத் துடைச்செடுத்துரும்."

உண்மையைச் சொன்னால், ஸ்கேனர் விஷயத்தில் அந்த மனிதர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஓரக்கண்ணருக்கு அதுதான் எரிச்சல். முழு முட்டாளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். முக்கால் அறிவும் கால் திருட்டுமாக இருப்பவனிடம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

"கண்ணால பார்த்தாத்தாங்க எனக்குப் புரியும்" என்றார், இன்னும் கொஞ்சம் குனிந்து.

"வாங்க. அஞ்சு மணிக்குக் கல்லூரிப் பதிவாளர் வர்றாரு, ஒரு கையெழுத்து விஷயமா. அதுக்குள்ள காட்டிடறேன்."

மச்சான் ஓரக்கண்ணரைப் பார்த்தார். ஓரக்கண்ணர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

*

ஸ்கேனர் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. வெள்ளை மேஜை, வெள்ளைப் பருத்திக் கையுறை, தூசி ஊதுவதற்கு ரப்பர் பந்து. நடுவில், தலையணை அகலத்துக்கு ஒரு தட்டை ஸ்கேனர். முதலாளி கையுறை மாட்டியதைப் பார்த்த மச்சான், "நோயாளி பொழைப்பாரா?" என்று கேட்டுவிட்டு வாசலருகே ஒதுங்கினார்.

"கைரேகை பட்டா போச்சு. ஓரத்தைத்தான் பிடிக்கணும்" என்றார் முதலாளி. உறையில் இருந்து ஆறு கட்டம் கொண்ட நெகட்டிவ் துண்டு ஒன்றை உருவினார். ஆரஞ்சு நிறத்தில், பாம்புச் சட்டை மாதிரி சுருண்டது. "இதுல எது மேல் பக்கம், சொல்லுங்க பார்ப்போம்."

ஓரக்கண்ணர் வேண்டுமென்றே தப்பான பக்கத்தைக் காட்டினார். முதலாளிக்கு அதில் கிடைத்த ஆனந்தம் இருக்கிறதே, பம்பு ஃபேக்டரி ஆரம்பித்த அன்றுகூட அவ்வளவு கிடைத்திருக்காது.

"எல்லாரும் இதுலதான் கோட்டை விடுவாங்க. ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும். மாத்தி வச்சா, படத்துல இடது கைக்காரன் வலது கைக்காரன் ஆயிடுவான். அதெல்லாம் குழம்பவே வேண்டாம். ஓரத்துல எண் இருக்கு பாருங்க. எண் நேராப் படிக்க வந்தாச் சரியான பக்கம்."

"எண்ணா?" என்றார் ஓரக்கண்ணர், உலகத்திலேயே முதல் தடவையாக எண் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவர்போல. "எங்கங்க?"

"ஜன்னல்கிட்டப் பிடிங்க. இது ஒண்ணுல இருந்து ஆறு. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நாலுலயும் நான் நிக்கிறேன் பாருங்க, பக்கத்துல ஒரு நாற்காலி. அது நான் கண்டுபிடிச்சது. என் ஃபேக்டரியில." அடுத்த துண்டை எடுத்து நீட்டினார். "இது பத்தொன்பதுல இருந்து இருபத்திநாலு. இருபதாம் எண்ணைப் பாருங்க. அதே நாற்காலி, ஒரு கொட்டகையில. பழுது பாக்கறதுக்கு அனுப்பினப்ப எடுத்தது. அந்தக் கொட்டகைக்காரன் இப்ப நான்தான் செஞ்சேன்னு கிளம்பியிருக்கான். எவனாவது சந்தேகம்னு வந்தா மூஞ்சிக்கு நேரா காட்டலாம்னு இந்த நெகட்டிவைப் பத்திரமா வச்சிருக்கேன். அஞ்சு பெரிசா, இருபது பெரிசா?"

ஓரக்கண்ணர் இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். ஃபேக்டரி, அஞ்சு. கொட்டகை, இருபது. கம்பெனிக்காரன் அச்சடித்த எண், மை வைத்துத் திருத்திய எண் இல்லை. கொட்டகைப் படம் ஃபேக்டரிப் படத்துக்குப் பதினைந்து கட்டம் தள்ளி, தெள்ளத் தெளிவாக இருந்தது.

அவருடைய காது மடல் சிவந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இரண்டே தடவை சிவந்த காது அது. ஒரு தடவை குளவி கொட்டியபோது.

மச்சான் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அத்தான், அந்தம்மாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"வாய மூடு."

"மூடித்தான் இருக்கு. மூக்கால பேசறேன்."

ஓரக்கண்ணர் திரும்பி மேஜையைப் பார்த்தார். நெகட்டிவைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் மூன்று வரிசை. முதலாளி இரண்டு துண்டுகளைப் பொருத்தி, ரப்பர் பந்தால் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை காலி.

"மூணாவது வேலை செய்யாதுங்களா?" என்று கேட்டார் ஓரக்கண்ணர். "அழகுக்கு விட்டிருக்காங்களோ? கடைக்காரன் சொன்னான். 'ரெண்டுதான் ஒழுங்கா வரும், மூணுங்கறது விளம்பரத்துக்கு'ன்னு."

"எந்தக் கடைக்காரன்?" முதலாளி நிமிர்ந்தார். அவர் வாங்கிய பொருளைக் குறை சொல்வதும், அவர் தாடையில் அறைவதும் ஒன்று. "கூறு கெட்டவன். பதினெட்டுக் கட்டமும் ஒரே தடவையில வரும். இப்பப் பாருங்க." உறைக்குள் கைவிட்டு, வந்த துண்டை உருவினார். ஏழில் இருந்து பன்னிரண்டு. மூன்றாவது வரிசையில் போட்டு அழுத்தினார். சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து மூடினார்.

ஸ்கேனருக்குள் ஒரு வெளிச்சம் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. கம்ப்யூட்டர் திரையில், ஆரஞ்சு போய், நிஜ வண்ணங்களோடு பதினெட்டுக் குட்டிப் படங்களும் வந்து உட்கார்ந்தன.

"இது முன்னோட்டம். இதுல வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்குலத்துக்கு இரண்டாயிரத்து நானூறு புள்ளின்னு வச்சு ஸ்கேன் பண்ணாப் போதும். அதுக்கு மேல போனா படம் பெரிசாகாது, ஃபைல்தான் பெரிசாகும்..."

ஓரக்கண்ணர் கேட்கவில்லை. அவருடைய கண் ஓரத்துக்குப் போயிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பிறந்தநாள். தொப்பி போட்ட பையன், மேஜை, கேக்கு.

எட்டாம் கட்டத்தில் வெறும் தட்டு. துகள்களும், கருகிக் குட்டையாகிப் போன மெழுகுவத்திகளும். பையன் மூக்கு நிறைய கிரீம். ஒன்பதில் பாதிக் கேக்கு. பத்தில், ஒரே ஒரு துண்டு வெட்டிய கேக்கு. பதினொன்றில் முழுக் கேக்கு, நெட்டையாக மெழுகுவத்திகள், தீபம் எரிகிறது. பையனின் மூக்கு சுத்தமாக இருக்கிறது.

அவர் அதை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார். வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தார். காது மடல் பழைய நிறத்துக்குத் திரும்பியது.

"உங்க பையனுங்களா?"

"ஆமா. இப்ப வெளிநாட்டுல இருக்கான்."

"அழகாப் பிடிச்சிருக்கீங்க. இந்தக் காலத்துக் கேமராவுல இந்தத் தெளிவு வராது. எந்தக் கேமராங்க? வெளிய அலமாரியில பார்த்தேனே, அதா?"

இப்படி ஒரு கேள்விக்காகவே முப்பது வருஷமாக அந்தக் கேமராவைத் துடைத்து வைத்திருந்தார் முதலாளி. ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"அந்தக் காலத்துல இந்த ஊர்லயே இது ஒண்ணுதான். பெரிய விசேஷம் என்னன்னா, பிலிமைப் போட்டு மூடினதும், அதுவே கர்ருன்னு மொத்தத்தையும் வெளிய இழுத்துச் சுத்தி வச்சுக்கும். அப்புறம் ஒவ்வொரு படம் எடுக்கறப்பவும் ஒரு கட்டத்தை டப்பாக்குள்ள அனுப்பும். நடுவுல எவனாவது தெரியாமத் திறந்துட்டாலும், எடுத்த படமெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். வெளிய இருக்கற வெறும் பிலிம்தான் வீணாப் போகும். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க."

"மூளைதாங்க" என்றார் ஓரக்கண்ணர், நிஜமான மரியாதையோடு. மரியாதை கேமராவுக்கு.

வாசலில் மணி அடித்தது.

*

பதிவாளர் ஒல்லியாக, கோப்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். பெயர்ப்பலகைக்கான வாசகம் அந்தக் கோப்பில் இருந்தது. முதலாளி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றார் ஓரக்கண்ணர். குனிந்திருந்த முதுகு நிமிர்ந்துவிட்டது, குரலும் மாறிவிட்டது. "சாருக்கும் அந்தக் கேமரா விசேஷத்தைச் சொல்லுங்களேன். பிலிமை முதல்லயே வெளிய இழுத்து வச்சுக்குமாமே."

முதலாளி மறுபடியும் ஒப்பித்தார், முதல் தடவையைவிடச் சுருதி சேர்த்து. பதிவாளர் எதற்கென்றே புரியாமல் தலையாட்டினார்.

"சாதாரண கேமராவுல முதல் படம் ஒண்ணாம் கட்டத்துல விழும். இவரோட கேமரா மொத்தத்தையும் வெளிய இழுத்துட்டு, டப்பாக்குள்ள திரும்பிப் போற வழியில எடுக்குது. அப்ப முதல் படம் எங்க விழும்?"

பதிவாளர் யோசித்தார். அவருடைய உதடு எண்களை எண்ணியது. "கடைசிக் கட்டத்துல. முப்பத்தாறுல."

"அடுத்தது?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப இருபதாம் எண் கொட்டகை முன்னாடியா, அஞ்சாம் எண் ஃபேக்டரி முன்னாடியா?"

"கொட்டகைதான் முன்னாடி" என்றார் பதிவாளர்.

"அது... எல்லாக் கேமராவும் அப்படி இல்ல" என்றார் முதலாளி.

"எல்லாக் கேமராவையும் யாரு கேட்டா? உங்க கையில இருக்கறதைத்தான் கேக்கறோம்." ஓரக்கண்ணர் திரையைச் சுட்டினார். "சந்தேகம்னா கேக்கைப் பாருங்க. எண் வரிசையில பார்த்தா, முதல்ல வெறும் தட்டு, அப்புறம் பாதிக் கேக்கு, அப்புறம் முக்கால், கடைசியா முழுசு. எரிஞ்சு கருகின மெழுகுவத்தி வளர்ந்து நெட்டையாயிடுது. பையன் மூக்குல இருந்த கிரீம் கேக்குமேல போய் ஒட்டிக்குது. ஒண்ணு, பிலிம் பின்னால இருந்து முன்னால ஓடியிருக்கணும். இல்லேன்னா, நீங்க சாப்பிட்டதைத் துண்டு துண்டா திருப்பிக் கொடுத்திருக்கணும். எடுத்த எதையாச்சும் திருப்பிக் கொடுக்கற பழக்கம் உங்களுக்கு உண்டா?"

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. எண்ணைப் பார்த்தேன், சொன்னேன்" என்றார் முதலாளி. வெள்ளைக் கையுறை மாட்டிய கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

"அதாங்க வேடிக்கை. கொட்டகையில இருந்து தூக்கிட்டு வந்தது உங்களுக்குத் தெரியும். எண் தலைகீழா இருக்கேன்னு நியாயமா நீங்கதான் முதல்ல திடுக்கிட்டிருக்கணும். நீங்க என்ன பண்ணீங்க? உங்க பொய்க்கு ஒத்தாசையா கம்பெனிக்காரனே எண் போட்டு அனுப்பியிருக்கான்னு சந்தோஷப்பட்டு, உறையில போட்டுப் பத்திரப்படுத்தினீங்க. அந்தக் கேமராவைப் பத்தி மணிக்கணக்கா பேசற மனுஷன், அது என்ன செய்யுதுன்னு ஒரு தடவை யோசிக்கல."

முதலாளி பதிவாளர் பக்கம் திரும்பினார். குரலில் நெய் வடிந்தது. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? பலகையில இடம் இருக்குல்ல. ரெண்டு பேர் பேரையும் போட்டுடுவோம். அவர் செஞ்சாரு, நான் ஆதரிச்சேன்."

பதிவாளர் கோப்பைத் திறந்து பலகையின் அளவைப் பார்த்தார். ஆமாம், பார்த்தார். அந்த ஆளுடைய முதுகெலும்பை யாரோ சின்ன வயதிலேயே கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். "ரெண்டு வரி... வரும்னு நினைக்கிறேன்" என்றார்.

"தாராளமாப் போடுங்க" என்றார் ஓரக்கண்ணர். "முதல் வரி, 'உருவாக்கியவர்'னு ஃபிட்டர் பேரு. ரெண்டாவது வரி, 'தூக்கிக்கொண்டு போனவர்'னு இவர் பேரு. நடந்தது நடந்தபடி இருக்கும். சம்மதமான்னு இவரையே கேளுங்க."

கண் ஓரத்துக்கு வந்தது. முதலில் முதலாளிமேல் நின்றது. பிறகு பதிவாளர்மேல் நின்றது. முதலாளியிடம் பென்சில் எதுவும் இல்லை, திறந்த பேனாதான் இருந்தது. அதை மூடி மேஜைமேல் வைத்தார்.

பதிவாளர் அதை எடுத்து, கோப்பில் இருந்த பெயரை ஒரே கோட்டில் அடித்தார்.

"அந்த ஃபிட்டர் வீடு எங்க இருக்கு?"

*

வீடு சின்னது, கொட்டகை பெரிது. ஃபிட்டர் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். வழியில் ஏற்றிக்கொண்ட தையல்காரம்மாவோடு நாலு பேர் வந்து நின்றதும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ராவ ஆரம்பித்தார்.

"அப்பா, உங்க பேரைப் போடறாங்கப்பா" என்றார் தையல்காரம்மா. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு வாக்கியத்தில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

"ஐயா, ஒரு கையெழுத்து. நாளைக்குப் பத்து மணிக்கு எழுத்து வெட்டணும்" என்று பதிவாளர் கோப்பை நீட்டினார்.

ஃபிட்டர் அரத்தைக் கீழே வைத்தார். கோப்பைத் தொடவில்லை, அதன்மேல் இருந்த ஐந்து படங்களை எடுத்தார். கொட்டகைப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மச்சான் முதல் தடவையாகத் தன் செருப்பை ஆராய்ச்சி செய்தார்.

பிறகு ஃபிட்டர் ஒரு ஃபேக்டரிப் படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். முகம் மாறியது.

"இந்த மடையன் பிரேக் கட்டைய வெளிப்பக்கம் மாட்டியிருக்கான்."

"ஐயா?"

"இந்தச் சக்கரத்துல. நான் உள்பக்கம் வச்சிருந்தேன். படி இறங்கறப்ப அவ துணி அதுல சிக்கக் கூடாதுன்னு ஒரு வாரம் யோசிச்சு வச்சது. இவன் கழட்டி வெளிய மாட்டியிருக்கான். இப்பவும் இப்படியே இருக்கா?"

"இருக்கலாம்" என்றார் பதிவாளர். "ஆனா அது கண்ணாடிக்குள்ள இருக்கப் போற பொருள்தானே. யாரும் உக்காரப் போறதில்ல."

"உக்காராததுக்குப் பேரு நாற்காலியா?" ஃபிட்டர் கோப்பைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "இந்த லட்சணத்துல என் பேரைப் போட்டீங்கன்னா கையெழுத்துக் கிடையாது. வர்றவன் போறவன் எல்லாம், இதைச் செஞ்சவன் முட்டாள்னு நினைப்பான். நாளைக்கு முதல்ல நாற்காலிய இங்க அனுப்புங்க. நான் சரி பண்ணித் தரேன். அப்புறம் உங்க எழுத்தை வெட்டிக்குங்க."

பதிவாளர் ஓரக்கண்ணரைப் பார்த்தார். ஓரக்கண்ணர், வாழ்க்கையில் முதல் தடவையாக, கழுத்தைத் திருப்பி ஒரு மனிதரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஃபிட்டர். பதிவாளர் பெருமூச்சு விட்டு போனை எடுத்து, எழுத்து வெட்டுகிற ஆளை வரவேண்டாம் என்று சொன்னார்.

"எவ்வளவு நேரம் ஆகும்பா?" என்று கேட்டார் தையல்காரம்மா. கண்ணைத் துடைக்கக் கையில் கிடைத்தது அளவு நாடாதான்.

"மாட்டறதுக்கு அஞ்சு நிமிஷம்" என்றார் ஃபிட்டர், அரத்தை எடுத்தபடி. "அவன் மாட்டினதைக் கழட்டத்தான் நேரமாகும்."